தமிழில் ‘ப்ளீஸ்’ இல்லையாமே!

அன்புள்ள சார்,

பன்னிரண்டு மொழிகளில் வணக்கம், நன்றி, மன்னிக்கவும் எல்லாம் செயலியில் படிக்கிறேன். எந்தச் சொல்லை முதலில் பழகலாம்? நன்றி சொல்லும் ஜப்பானிய ‘அரிகதோ’, அதே பொருளுள்ள போர்த்துகீசிய ‘ஒப்ரிகாதோ’விலிருந்து வந்ததாமே? தமிழ்ப் பேச்சில் ‘ப்ளீஸ்’ என்பதற்குச் சொல்லே இல்லை. நாம் மரியாதை குறைந்தவர்களா? கொஞ்சம் விளக்குங்களேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அரிகதோ கதையை விடுங்கள். போர்த்துகீசியர் ஜப்பானில் இறங்கியது 1543இல். அந்தச் சொல்லின் வேர் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே இருந்தது. ஒலி ஒத்துப்போனால் உடனே உறவு கொண்டாடும் வியாதி நமக்கும் உண்டு.

ஆனால் அந்தக் ‘குறைந்தவர்களா’ எனக்குக் கோபத்தை வரவழைத்துவிட்டது. உங்கள் கடைசி வரியை நீங்களே ஒருமுறை படியுங்கள். ‘கொஞ்சம்’ என்றது அளவைச் சொல்லவா? இல்லை, கேட்பதன் கூச்சம் அது. ‘ங்கள்’ மரியாதை. கடைசியில் ஒட்டிய அந்த ‘ஏன்’ இருக்கிறதே, அதுதான் அழகு: கட்டளையைக் கெஞ்சலாக்கி, மறுக்கவும் எனக்கு இடம் விடுகிறது. இரண்டே சொல்லில் மூன்று ‘ப்ளீஸ்’ போட்டுவிட்டு, இல்லை என்று அழுகிறீர்கள்! பிரெஞ்சுக்காரர்கள் ‘உங்களுக்கு விருப்பமானால்’ என்று தனியாகச் சொல்வதை நாம் வினையின் வாலில் முடிந்து வைத்திருக்கிறோம். ‘தயவுசெய்து’ அறிவிப்புப் பலகைக்குச் சரி. வீட்டில் ‘தயவுசெய்து கதவைச் சாத்து’ என்று சொல்லிப் பாருங்கள். நாலு தடவை சொல்லி அலுத்தவன் குரல் அது.

எனக்கும் ஒரு கொரியத் தோழியிடம் பாடம் கிடைத்தது. அந்த மொழியில் கிளம்புகிறவருக்கு ‘அன்யொங்ஹி காசெயோ’, நலமாகப் போங்கள். இருக்கிறவருக்கு ‘அன்யொங்ஹி கேசெயோ’, நலமாக இருங்கள். என் வீட்டு வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரிடம், பல நாள் ஒத்திகை பார்த்த பெருமையோடு ‘கேசெயோ’ என்றேன். நிமிர்ந்து பார்த்தார். செருப்பைக் கழற்றினார். ‘இருக்கச் சொன்னீர்களே’ என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம். கிளம்பும்போது, நான் கற்றுக்கொடுத்த தமிழில், ‘வருகிறேன்’ என்றார். போகிறவர் ஏன் வருகிறேன் என்கிறார் என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை.

எந்தச் சொல்லை முதலில் என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? விடைபெறும் சொல்லை. தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை.