ஆறு மணிக்கு எங்கே நிற்கிறீர்கள்?

அன்புள்ள ஐயா,

எனக்கு 39 வயது. திருச்சியில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சாயங்காலம் டீக்கடையில் பஜ்ஜி, வாரத்தில் நாலு ராத்திரி பரோட்டா என்றே பத்து வருடம் ஓடிவிட்டது. போன மாதம் ரத்தச் சர்க்கரைக்கான எச்பிஏ1சி பரிசோதனையில் 6.1 வந்தது. ஜிம்மில் பணம் கட்டிப் பாதியில் நின்றுவிட்டேன். நண்பர்கள் ஷட்டில் ஆடக் கூப்பிடுகிறார்கள். இந்தத் தொப்பையோடு சின்னப் பையன்கள் முன்னால் இறங்கக் கூச்சமாக இருக்கிறது. அரிசியை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறினால் போதுமா? வீட்டுச் சமையலிலும் எண்ணெய் அதிகம்தான். என்ன ஷூ வாங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஷூவைக் கடைக்காரரிடம் கேளுங்கள். சிறுதானியம் பற்றி ஊரே பேசுகிறது. வரகுச் சோறும் அளவு மீறினால் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். ஆனால் வீட்டுச் சமையலை இதில் இழுக்காதீர்கள். நாலு ராத்திரி கடையில் தின்றுவிட்டு வருகிறவருக்கு வீட்டு எண்ணெயைக் குறை சொல்ல என்ன உரிமை? சமைத்து வைத்துக் காத்திருக்கிறவரிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.

என்னைப் பிடித்துக்கொண்டது உங்கள் சாயங்கால பஜ்ஜி. கொஞ்ச நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். பசித்தா நாம் அந்த நேரத்தில் தின்கிறோம்? வேலை விட்டாயிற்று, உடனே வீட்டுக்குப் போக மனமில்லை, கூட நாலு பேர் நிற்கிறார்கள். அந்த நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு பஜ்ஜியை மட்டும் நிறுத்தினால் பத்தாம் நாள் சமோசா வரும்.

என் பெரியப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். சங்கு ஊதி வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்பு மோர். உடனே பூப்பந்து ராக்கெட்டோடு கிளம்பிவிடுவார். தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடிய ஆட்டம், அப்போது எங்கள் பக்கத்தில் தொழிலாளர்களுடைய ஆட்டமாக இருந்தது. மஞ்சள் கம்பளிப் பந்து, 30 கிராமுக்கு மேல் போகாது. தூறலில் நனைந்தால் கனத்துவிடும். பெரியப்பா அதை வேட்டியில் உருட்டித் துடைத்து, உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சர்வீஸ் போடுவார்.

பக்கத்துக்கு ஐந்து பேர். ஒருவர் வராவிட்டால் ஆட்டமே கெட்டது. பெரியப்பா என்றைக்காவது திண்ணையில் சாய்ந்துவிட்டால் வாசலில் சைக்கிள் மணி அடிக்கும். "அண்ணே, ஆள் குறையுது!" எழுந்து போயே ஆக வேண்டும். ஜிம்மில் பணம் கட்டினீர்களே, நீங்கள் போகாத அன்று யார் வந்து கூப்பிட்டார்கள்? வயிறு நிறைந்திருந்தால் கால் எழாது என்பதால் ஆட்டத்துக்கு முன்னால் அங்கே ஒருவரும் பலகாரம் தொடமாட்டார்கள். யாரும் அவர்களுக்கு டயட் எழுதித் தரவில்லை.

உடம்புக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஓடியாடும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆடி முடித்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை இன்சுலின் நன்றாக வேலை செய்யும். அதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் ஆடித் தீர்க்கிற வேலை வேண்டாம்.

ஒன்றைத் திட்டியே சொல்கிறேன். ஷட்டில் முடிந்ததும் அதே கூட்டம் பரோட்டாக் கடைக்குப் போவதைத் தினமும் பார்க்கிறேன். 80 கிலோ ஆள் ஒரு மணி நேரம் நிதானமாக ஆடினால் செலவாவது ஏறக்குறைய 450 கலோரி. இரண்டு பரோட்டாவும் சால்னாவும் போதும், அவ்வளவும் திரும்பி வந்துவிடும். ஆடிவிட்டோமே என்ற தெம்பில் மூன்றாவதையும் வாங்குகிறார்கள். ஆட்டம் முடிந்தால் நேரே வீட்டுக்குப் போங்கள் எஸ்., அங்கே சாப்பிடுங்கள்.

கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஷட்டில் பறக்கிற வேகத்தில் உங்கள் தொப்பையைப் பார்க்க அந்தப் பையன்களுக்கு நேரம் கிடையாது. மூச்சு வாங்கினால் ஓரமாக உட்காருங்கள், பிறகு இறங்குங்கள். கூப்பிட்ட நண்பரிடம் "என்னையும் ஆள் கணக்கில் சேர்த்துக்கொள்" என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

களத்தில் இறங்கும் முன் டாக்டரைப் பாருங்கள். பத்து வருடம் அசையாத உடம்பு அது. நெஞ்சு அழுத்தினாலோ தலை சுற்றினாலோ, இந்த செட் முடியட்டும் என்று நிற்காதீர்கள். 6.1 இன்னும் சர்க்கரை நோய் ஆகவில்லை, 6.5-க்குத்தான் அந்தப் பெயர். அந்தப் பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. அதனால் இரண்டு வாரம் ஆடிவிட்டு லேபுக்கு ஓடி மனம் உடைந்துபோகாதீர்கள். மூன்று மாதம் ஆடிவிட்டு எடுத்துப் பாருங்கள், என்ன வந்தாலும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.