வாலிபன் நின்ற இடத்தில் நாங்க நாலு பேர்

‘கேளுங்க, சொல்லுதேன்’ பகுதிக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருக்கும் சினிமா இடங்களைப் பற்றியவை. பாளையங்கோட்டையில் 31 வருஷம் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற நம் டீச்சர் பதில் சொல்கிறார்.

டீச்சர், நாங்க நாலு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவங்க. வார வருஷம் எல்லாருக்கும் அறுபது முடியுது. வீட்டுக்காரர், பிள்ளைகள் யாரும் இல்லாம நாங்க மட்டும் வெளிநாடு போகணும்னு ஆசை. நாலு பேருக்கும் சினிமான்னா உயிர். ஆனா ஆளுக்கொரு ஊர் சொல்லுதோம். எந்த ஊருக்குப் போக?
– வள்ளியூர் வாசகி

முதலில் ஊர்ப் பட்டியலைத் தூக்கி ஓரமா வைங்க. நாலு பேரும் உட்கார்ந்து, சின்ன வயசுல பார்த்து இன்னைக்கும் மனசை விட்டுப் போகாத படம் எதுன்னு பேசுங்க. ஊர் தானா வந்துடும். எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973 மே மாதம் வெளிவந்தது. அப்போ எனக்கு 11 வயசு. சேரன்மகாதேவி டூரிங் டாக்கீஸுக்கு அந்தப் படம் வந்து சேர மேலும் ஒரு வருஷம் ஆச்சு. மணலைக் குவிச்சு மேடாக்கி அதுமேல உட்கார்ந்து பார்த்தேன். ஜப்பான், ஹாங்காங், தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியா என்று ஒவ்வொரு ஊரா திரையில் வந்தது. அதில் ஒசாகாவில் நடந்த ‘எக்ஸ்போ 70’ கண்காட்சிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு கட்டடத்தையோ, அவ்வளவு கூட்டத்தையோ நான் அதுவரை கண்டதில்லை. எங்க ஊர்ல பெரிய கட்டடம்னா கோயில் கோபுரம்தான். நான் பூகோளம் எடுத்துப் படிச்சதுக்கு அந்த ராத்திரிதான் காரணம். இத்தனை வருஷமும் கரும்பலகையில் ஜப்பான் படம் வரையும்போதெல்லாம் ஒசாகாவுக்கு ஒரு புள்ளி கூடுதலா அழுத்தி வைப்பேன்.

2023 நவம்பரில் போனோம். விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தென்காசிக்காரி, நாங்குநேரிக்காரி, களக்காட்டுக்காரி, நான். ரயிலில் திருவனந்தபுரம் போய், விமானம் ஏறி, சிங்கப்பூரில் மாறி, ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தில் இறங்கினோம். அந்த விமான நிலையமே கடலுக்குள் மண் கொட்டி உண்டாக்கின தீவு, 1994-ல் திறந்தது. ஜன்னல் வழியா அதைக் காட்டி இவளுகளுக்கு ஒரு பாடமே எடுத்துட்டேன். பொறுமையா கேட்டாளுக.

எக்ஸ்போ நடந்த இடம் இப்போ பெரிய பூங்கா. ஒசாகாவை ஒட்டின சுயிட்டா என்ற ஊரில் இருக்கு. நகரத்துக்குள்ளிருந்து மிதோசுஜி ரயில் பாதையில் வடக்கே போய், சென்ரி சூஓ நிலையத்தில் இறங்கி மோனோரயிலுக்கு மாறணும். ரெண்டாவது நிறுத்தம். நிலையத்தின் பேரில் ‘பம்பாக்கு’ன்னு வரும், ஜப்பான் மொழியில் அதுக்கு உலகக் கண்காட்சின்னு அர்த்தம். பல மாதங்களில் புதன்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. நாள் பார்த்துப் போங்க.

மோனோரயில் வளையும்போதே சூரியக் கோபுரம் தெரிஞ்சிட்டு. “ஏட்டி, அங்கன பாரு!”ன்னு களக்காட்டுக்காரி கத்தின சத்தத்தில் பெட்டியில் இருந்த எல்லாரும் திரும்பினாங்க. 70 மீட்டர் உயரம். கலைஞர் தாரோ ஒகாமோட்டோ செய்தது. வெள்ளை உடம்பு, ரெண்டு பக்கமும் விரிச்ச கை. உச்சியில் தங்க முகம் எதிர்காலம், வயிற்றில் இருப்பது நிகழ்காலம், முதுகில் கறுப்புச் சூரியன் இறந்தகாலம். கோபுரத்துக்குள்ளே நாலாவதா ஒரு முகம் இருந்திருக்கு. கண்காட்சி முடிஞ்ச பிறகு அது காணாமலே போயிட்டு. 2018-ல் கோபுரத்தின் உட்பக்கத்தை மறுபடி மக்களுக்குத் திறந்தபோது புதுசா செஞ்சு வைச்சிருக்காங்க. உள்ளே ‘உயிர் மரம்’னு ஒரு பெரிய மரம்; அடியில் ஓரணு உயிர்கள், மேலே போகப் போக மீன், ஊர்வன, குரங்கு, மனுஷன். அதைச் சுற்றிப் படியேறித்தான் பார்க்கணும். இதுக்கு முன்கூட்டியே இணையத்தில் நேரம் பதிவு செய்யணும். நாங்குநேரிக்காரிக்கு மூட்டுவலி. அவளைக் கீழே விட்டுட்டுப் போக மனசில்லாம, ஒவ்வொரு தளத்திலும் நின்னு நின்னு நாலு பேரும் சேர்ந்தே ஏறினோம்.

1970 மார்ச் முதல் செப்டம்பர் வரை அந்த இடத்துக்கு ஆறு கோடிக்கு மேல் ஆள் வந்திருக்கு. 77 நாடுகள் கலந்துக்கிட்டன. இன்னைக்கு அந்த நாடுகள் கட்டின மண்டபங்கள் ஏறத்தாழ ஒண்ணுமே இல்லை. அங்கெல்லாம் மரங்கள் வளர்ந்து காடா நிக்குது. கென்சோ டாங்கே வடிவமைச்ச பெரிய இரும்புக் கூரை ஒண்ணு கோபுரத்தைச் சுற்றி இருந்தது. அதையும் பிரிச்சாச்சு, ஒரு துண்டை மட்டும் அடையாளத்துக்கு விட்டு வைச்சிருக்காங்க. உருக்கு நிறுவனங்களின் மண்டபம் தப்பிப் பிழைச்சு அருங்காட்சியகமாயிட்டு. அதுக்குள்ள அந்தக் காலத்துப் புகைப்படங்கள், வரவேற்புப் பெண்களின் சீருடைகள் எல்லாம் இருக்கு. அந்த உடுப்புகளின் நிறத்தைப் பார்த்ததும் டாக்கீஸில் பார்த்த திரையே திரும்ப எழுந்து நின்னது எனக்கு.

படத்தில் பார்த்த இடம் எதுவும் அப்படியே இருக்கும்னு எண்ணிப் போகாதீங்க. நாங்க அன்னைக்கு முழுக்க அங்கேயே இருந்தோம். ஜப்பான் முறைத் தோட்டத்தில் மேப்பிள் மரங்கள் சிவந்து நின்ன நேரம். கைபேசியில் அந்தப் படத்தின் எக்ஸ்போ காட்சிகளை ஓடவிட்டு, கோபுரத்தை அடையாளம் வைச்சு, “எம்.ஜி.ஆர். இங்கன நின்னிருப்பாரு”, “இல்லட்டி, அந்தப் பக்கம்”னு திசை கண்டுபிடிச்சுக்கிட்டே நடந்தோம். சாயங்காலம் தென்காசிக்காரி புல்லில் உட்கார்ந்து, “எங்க அம்மா பார்த்திருக்கணும்”னு சொன்னா. அவ அம்மா அந்தப் படத்தை ஏழு தடவை பார்த்தவங்க. அப்புறம் ரொம்ப நேரம் நாங்க யாரும் பேசலை.

மறுநாள் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பான், சினிமாவை வைச்சுக் கட்டின கேளிக்கைப் பூங்கா. அதுவும் ஒசாகாவில்தான், 2001-ல் திறந்தது. பேத்திகளுக்காகப் போனோம்னு சொல்லலாம். ஹாரி பாட்டர் பகுதியில் கோட்டைக்கு முன்னால் ஒரு ஏரி வெட்டியிருக்காங்க. தண்ணியில் கோட்டை தலைகீழா தெரியும். சவாரி வேண்டாம்னு நாங்குநேரிக்காரி அந்த ஏரிக்கரையில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தா. அவளுக்கு அந்த நாளில் பிடிச்சது அதுதான். உங்க நாலு பேரிலும் அப்படி ஒருத்தி இருப்பா. அவளை எழுப்பி இழுத்துக்கிட்டுப் போகாதீங்க.

ஜப்பானில் சைவச் சாப்பாடு கிடைக்குமா?
– கல்லிடைக்குறிச்சி வாசகர்

கிடைக்கும், ஆனா கேட்கத் தெரியணும். மீன் துண்டு கண்ணில் படாததால் மீன் இல்லைன்னு நினைச்சிடக் கூடாது. ‘தாஷி’ன்னு ஒரு சாறு அங்கே சூப், நூடுல்ஸ், காய்கறிக் கூட்டு எல்லாத்திலும் இறங்கும். சூரை மீனை வேகவைச்சு, புகை போட்டு, கட்டை மாதிரி காயவைச்சு, சீவி எடுத்துக் கொதிக்கவிட்டு வடிக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் மாசிக் கருவாடு பார்த்திருந்தா உடனே புரியும். ரெண்டும் ஒரே குடும்பம். “இறைச்சி, மீன், மீன் சாறு மூணும் வேண்டாம்”னு ஜப்பான் மொழியில் அட்டையில் எழுதி வைச்சுக்கிட்டு எல்லாக் கடையிலும் நீட்டினோம். சில கடைக்காரர்கள் வருத்தத்தோடு தலையாட்டி மறுத்தாங்க, அது நேர்மைதானே. சின்னக் கடைகளில் கிடைக்கும் சோற்று உருண்டையில் உமேபோஷின்னு உப்பும் புளிப்புமா ஒரு ஊறுகாய்ப் பழம் வைச்சது இருக்கு. நார்த்தங்காய் ஊறுகாயில் வளர்ந்த நாக்குக்கு ஒத்துப்போகும். பருப்புப்பொடி எடுத்துப் போனோம். ஒரு பாக்கெட்கூடத் திரும்பி வரலை.

நாங்க ஆறு பேர், கல்லூரி முடிச்ச பசங்க. சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கோம். சண்டை வராம எல்லாம் பார்க்க ஒரு வழி சொல்லுங்க டீச்சர்.
– ஆலங்குளம் வாசகர்

ஒரு நாள் முழுசா ஒதுக்கினது நல்ல காரியம் தம்பி. 2016-ல் நான் முதல் தடவை போனபோது, கூட்டிப் போன பயண ஏற்பாட்டாளர் ரெண்டரை மணி நேரம்தான் கொடுத்தார். வாசலில் சுத்துற உலக உருண்டை முன்னால் படம் எடுத்தோம், ஒரே ஒரு வரிசையில் நின்னோம், பஸ் வந்திட்டு. கொடுத்த காசை நினைச்சு இன்னும் எனக்கு ஆறலை. நேரம் எவ்வளவுன்னு எழுத்தில் வாங்காம யாருக்கும் முன்பணம் கட்டாதீங்க.

ஹார்பர்ஃபிரண்ட் ரயில் நிலையத்துக்கு மேலே விவோசிட்டின்னு ஒரு பெரிய கடைவளாகம் இருக்கு. அங்கிருந்து செந்தோசாத் தீவுக்கு மோனோரயிலும் உண்டு, கடல்மேல் நடைபாதையும் உண்டு. காலையில் வெயில் ஏறுமுன் நடந்தே போங்க. கதவு திறக்கும்போது வாசலில் நின்னா முதல் ஒரு மணி நேரத்தில் வரிசை குறைவு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி ரெண்டையும் அப்பவே முடிச்சிடுங்க. மம்மி சவாரி முழுக்க இருட்டுக்குள்ள. பயப்படுற பையன் இருந்தா அவனைக் கேலி பண்ணிக் கூட்டிப் போகாதீங்க. தனியா வர்ற ஆளுக்குன்னு சில சவாரிகளில் தனி வரிசை வைச்சிருக்காங்க. காலியா கிடக்கும் ஒத்தை இருக்கையில் உட்கார வைப்பாங்க. சீக்கிரம் போகலாம், ஆனா ஆளுக்கொரு பெட்டி. ஆறு பேர் ஆசையும் ஆறு விதம். காலையில் பிரிஞ்சு போய் மதியம் ஒரு இடத்தில் கூடுங்க. சண்டையில் பாதி அதிலேயே தீரும். 2025 பிப்ரவரியில் மினியன்களுக்குத் தனிப் பகுதி திறந்தாங்க. கூட்டம் அங்கே அதிகம்.

நியூயார்க் தெருவில் கொஞ்சம் நில்லுங்க. கட்டடங்களின் முகப்பு மட்டும்தான் ஊர். பின்னாலே போனா ஒண்ணும் இல்லை. சினிமாவில் தெரு போடுறதும் இப்படித்தான். கேமரா பார்க்காத பக்கத்துக்குச் செலவு பண்ண மாட்டாங்க. சுவர் செங்கல் மாதிரி தெரியும், தட்டிப் பார்த்தா வேற சத்தம் கேட்கும். என் மனசுக்கு அந்தச் சுவரைத் தட்டிப் பார்க்கிறதே ஒரு சவாரிதான். மெல்லுற புகையிலையும் மின்சிகரெட்டும் சிங்கப்பூருக்குள் கொண்டு போகக் கூடாது, விளையாட்டுக்குக்கூட. மாட்டினா தண்டனை கடுமை.

தாய்லாந்தில் ஜேம்ஸ் பாண்ட் தீவு பார்க்கப் போகிறோம். தீவில் இறங்கிப் பாறை மேல் ஏற முடியுமா?
– தூத்துக்குடி வாசகர்

ஏற முடியாது. ஏறவும் வேண்டாம். நீங்க படத்தில் பார்க்கும் அந்த ஒத்தைப் பாறைக்குப் பேர் கோ தாப்பு. பாங்ஙா விரிகுடாவில் இருக்கு. புக்கெட்டிலிருந்து படகில் போவாங்க. 1974-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு அப்புறம் உலகம் பூரா தெரிஞ்சு போச்சு. அது சுண்ணாம்புப் பாறை. 20 மீட்டர் உயரம் இருக்கும். அடிப்பாகம் அலையில் அரிச்சு அரிச்சு மேல்பாகத்தைவிட ஒடுங்கிட்டு. அதனால் படகு அதன் பக்கத்தில் போக 1998 முதலே தடை. பக்கத்துத் தீவின் கரையில் நின்னு பார்க்கலாம்.

அதே பக்கம் மாயா கடற்கரையும் இருக்கு. 2000-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தால் கூட்டம் கொட்டி, படகும் நங்கூரமும் பட்டுப் பவளப்பாறை செத்துப்போச்சு. 2018-ல் மூடி, 2022-ல்தான் திறந்தாங்க. இப்போ அங்கே நீந்த விடமாட்டாங்க. ஆகஸ்ட், செப்டம்பரில் மூடியே வைப்பாங்க. நம்ம குற்றால அருவியில் சோப்பு, ஷாம்பு கூடாதுன்னு தடை வந்ததும் இதே வேதனையில்தான். உங்க படகில் கோ பன்யீ என்ற மீனவர் கிராமத்திலும் நிறுத்துவாங்க. கடலுக்குள் கால் நட்டு அதுமேல ஊரே நிக்கும், பள்ளிவாசலும் இருக்கு. சோறு சாப்பிட்டதும் கிளம்பாம அந்த மரப்பாலங்களில் பைய நடந்து பாருங்க. முத்துக்குளித்துறைக்காரருக்கு அந்த ஊர் பிடிக்கும்.

மகள் லண்டனில் படிக்கிறாள். தோழிகளோடு ஹாரி பாட்டர் ரயில் மேடைக்குப் போனாளாம். படம் எடுத்தது அங்கே இல்லை என்கிறாளே?
– சங்கரன்கோவில் வாசகி

சரியாத்தான் சொல்லுதா. கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் 9¾ என்று பலகை மாட்டி, சுவருக்குள் பாதி புகுந்த தள்ளுவண்டி வைச்சிருப்பது பயணிகள் படம் எடுக்கத்தான். படப்பிடிப்பு நடந்தது அதே நிலையத்தில் 4, 5-ஆம் மேடைகளுக்கு நடுவே. ஹாரி பாட்டர் படங்களை எடுத்த லீவ்ஸ்டன் ஸ்டுடியோவுக்கும் அவளைப் போகச் சொல்லுங்க. வாட்ஃபோர்டு ஜங்ஷனில் இறங்கினா பஸ் உண்டு. முன்பதிவு இல்லாம போனா நுழைய முடியாது. கோட்டையின் மாதிரி ஒண்ணு 24-ல் ஒரு பங்கு அளவில் செஞ்சு வைச்சிருக்காங்க. அதைச் சுற்றி வந்தா படத்தில் பார்த்த கோட்டை எப்படி வந்ததுன்னு விளங்கும்.

இவ்வளவு செலவு செய்து வெளிநாட்டுக்குப் போகணுமா? நம்ம பக்கத்தில் சினிமா இடம் இல்லையா?
– கடையம் வாசகர்

நல்லாவே இருக்கு. தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம். 1992-ல் வந்த ‘ரோஜா’வின் நாயகிக்குச் சொந்த ஊர் அது. 2005-ல் ‘அந்நியன்’ பாட்டுக்காக அங்கே பாறைகளில் வரைந்த நடிகர் படங்கள் இன்னும் இருக்கு. மலையாளிகள் அதை ‘அந்நியன் பாறை’ன்னே சொல்லுவாங்க. ஆடி, ஆவணியில் சூரியகாந்தி பூக்கும்போது கேரளா வண்டிகள் வரிசையா நிக்கும். ஒசாகாவில் நாங்க திசை தேடி நடந்த மாதிரி, அவங்க கைபேசியில் பாட்டை ஓடவிட்டுக்கிட்டு நம்ம வயக்காட்டு வரப்பில் நடக்கிறாங்க.

போன ஆவணியில் நாங்க நாலு பேரும் அங்கே போயிருந்தோம். கொல்லத்திலிருந்து வந்த ஐந்தாறு அம்மாமார், எங்க வயசுதான் இருக்கும், பாறையைக் காட்டி எங்களைப் படம் எடுத்துத் தரச் சொன்னாங்க. களக்காட்டுக்காரிதான் எடுத்தா. மேற்கே மலை முழுசும் விழணும்னு நாலடி பின்னாலே போய், ஓடைக் கல்லில் ஏறி நின்னு எடுத்துக் கொடுத்தா.