ஆபரேஷன் பண்ணிட்டா அந்தப் பேச்சு நின்னுடுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு. கல்யாணமாகி 9 வருஷம் ஆச்சு. ரெண்டு குழந்தைங்க, பெரியவளுக்கு 7, சின்னவனுக்கு ரெண்டரை. ரெண்டுமே சிசேரியன். சின்னவன் பொறந்ததுக்கு அப்புறம் வயிறு உள்ள போகவே இல்ல. தையல் தழும்புக்கு மேல தோல் மடிஞ்சு தொங்குது. பஸ்ல எழுந்து இடம் குடுத்து எத்தனாவது மாசம்னு கேக்கறாங்க. ஒரு வருஷமா வெயிட் ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல, எக்ஸர்சைஸ் பண்ணியும் வயிறு மட்டும் அப்படியே இருக்கு. ஒரு பிளாஸ்டிக் சர்ஜனப் பாத்தேன். நடு வயித்துல தசை விலகியிருக்கு, டம்மி டக்னு தசையத் தைச்சு தொங்கற தோல வெட்டி எடுக்கற ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு சொன்னார். வேலையில ஒரு வாரம் லீவு கெடைக்கும். என் வீட்டுக்காரர் நல்லவர், உன் இஷ்டம்னு சொல்லிட்டார். இன்னொரு குழந்தை வேணும்னு அவருக்கு ஒரு ஆசை, இதப் பண்ணிட்டா அந்தப் பேச்சும் தன்னால நின்னுடும், அதுவும் ஒரு நல்லதுதான். ஆனா ஆபரேஷன்னா பயமா இருக்கு. பண்ணிக்கலாமா வேண்டாமா, உங்க தங்கச்சியா நெனச்சு சொல்லுங்க.

பதில்: தங்கச்சின்னு எழுதிட்ட, அதனால நீன்னே பேசறேன்.

வயித்தப் பத்தி எனக்கு நிறைய கடிதம் வருது, வருஷக்கணக்கா வருது. நீயும் ஒரு பதில எதிர்பாத்துதான் எழுதியிருப்ப, ரெண்டு புள்ள பெத்த வயிறும்மா, அதுவும் அழகுதான், அப்படியே ஏத்துக்கோன்னு. அத நான் எழுதப் போறதில்ல. தோல் தொங்குது, உனக்குப் பிடிக்கல, கண்ணாடி முன்னாடி நிக்கறது நீ, அத நான் இங்க உக்காந்து மறுத்துப் பேசி என்ன ஆகப்போகுது. உன் கடிதத்த நாலு தடவ படிச்சேன். வயிறு, தையல், பஸ், வெயிட்னு வரிசையா எழுதிட்டு, கடைசியில போற போக்குல ஒண்ணு எழுதியிருக்க பாரு, இதப் பண்ணிட்டா மூணாவது குழந்தை பேச்சு தன்னால நின்னுடும்னு. நாலு தடவையும் நான் அங்கதான் நின்னுட்டேன்.

நீ என்ன பண்ணப்போறன்னு தெரிஞ்சுதான் எழுதினியா? இந்த ஆபரேஷன்ல இடுப்போட இந்தப் பக்க எலும்புலேர்ந்து அந்தப் பக்க எலும்பு வரைக்கும் அடிவயித்துல கிழிப்பாங்க. தோலையும் கொழுப்பையும் கீழேர்ந்து விலா வரைக்கும் பிரிச்சுத் தூக்குவாங்க, விலகிப்போன தசைய நடுவுல இழுத்துச் சேத்துத் தைப்பாங்க, அப்புறம் தோலக் கீழ இழுத்து மிச்சத்த வெட்டி எடுத்துட்டு, தொப்புள் வெளிய வர புதுசா ஒரு ஓட்டை போட்டு அங்க தைப்பாங்க. முழு மயக்கம், ரெண்டு மணி நேரத்துலேர்ந்து நாலு மணி நேரம் ஆகும். வயிறு சரியாகணும்னு இதுக்குப் போறவங்க இருக்காங்க, தப்பே இல்ல. ஆனா நீ இதுக்குள்ள இன்னொரு வேலையையும் சேத்து வெச்சிருக்க. புருஷன்கிட்ட "எனக்கு வேண்டாம்"னு சொல்ல வேண்டியத, நீ சொல்லாம கத்தியச் சொல்ல வைக்கப் பாக்கற.

அது சொல்லவும் சொல்லாதும்மா. இந்த ஆபரேஷன்ல கர்ப்பப்பையத் தொடவே மாட்டாங்க, கருக்குழாயத் தொட மாட்டாங்க. அவங்க வேலை தோல், கொழுப்பு, மேல் தசை அதோட முடிஞ்சுது. டம்மி டக் பண்ணதுக்கு அப்புறமும் கர்ப்பமாகலாம், குழந்தை பெத்துக்கலாம், பெத்தவங்க இருக்காங்க. என்ன, தைச்ச தசை மறுபடி விலகலாம், இழுத்துக் கட்டின தோல் மறுபடி தளரலாம், பட்ட பாடெல்லாம் வீணாப் போகலாம், அதனாலதான் குழந்தை பெத்து முடிச்ச அப்புறம் பண்ணிக்கோங்கன்னு சொல்றாங்க. இது அவருக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? உன்கூட ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும். கேட்டுட்டு, அப்ப ஒரு ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டு மூணாவத முடிச்சுட்டே ஆபரேஷன் பண்ணிக்கயேன்னு சொல்வார். அவர் சொல்றது மருத்துவப்படி சரியாவும் இருக்கும். அப்ப நீ என்ன பதில் சொல்வ?

இன்னொண்ணு கேக்கறேன். குழந்தை பெத்துக்கற எண்ணம் இன்னும் இருக்கான்னு அந்த சர்ஜன் உன்கிட்ட கேட்டிருக்கணும், இந்த ஆபரேஷனுக்குப் போனா மொதல்ல கேக்கற கேள்விகள்ல அது ஒண்ணு. நீ என்ன சொன்னேன்னு எனக்கு எழுதல. ஆனா ஆபரேஷன் பண்ணலாம்னு அவர் சொல்லியிருக்கார்னா நீ "இல்ல டாக்டர்"னு சொல்லியிருப்ப. அப்ப அன்னிக்குத்தான் மொத தடவ பாத்த ஒரு டாக்டர்கிட்ட அந்த வார்த்தை வாயில வந்திருக்கு. 9 வருஷம் கூட வாழ்ந்த மனுஷன்கிட்ட வரல. எனக்குக் கோவம் வந்தது இந்த இடத்துலதான்.

அவர் அடிக்கறவரா, மிரட்டறவரா இருந்தா நான் வேற மாதிரி பதில் எழுதியிருப்பேன், அந்த மாதிரி வீட்ல ஒரு பொம்பள பேசாம இருக்கறதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். நீ நல்லவர்னு எழுதியிருக்க, உன் இஷ்டம்னு சொன்னார்னு எழுதியிருக்க. அவர் ஒரு குழந்தைக்கு ஆசைப்படறார், அது குத்தமா? அந்த ஆசைய மனசுல வெச்சுக்கிட்டேதான் உன் ஆபரேஷனுக்கும் சரின்னு சொல்லியிருக்கார், நீ அதுக்குள்ள என்ன வெச்சிருக்கன்னு தெரியாம சொல்லியிருக்கார். இதுக்குப் பேர் ஏமாத்தறது. மெதுவா சொல்ல எனக்கு வேற வார்த்தை தெரியல.

என் கருத்து எப்பவும் ஒண்ணுதான், இந்தப் பக்கத்தப் படிக்கறவங்களுக்கு அது தெரியும். எத்தனை குழந்தைங்கறத ரெண்டு பேரும் உக்காந்து பேசணும், ஆனா சுமக்கறவ வேண்டாம்னா அதோட முடிஞ்சுது, அதுக்கு மேல புருஷனுக்கோ பெரியவங்களுக்கோ ஓட்டு கெடையாது. அந்த உரிமை உன்னோடது. அதே அளவுக்கு அத அவர் காதுல விழற மாதிரி சொல்ற கடமையும் உன்னோடது. நீ சொல்லாம இருக்கற ஒவ்வொரு மாசமும் அவர் மனசுல அந்தக் குழந்தை வளந்துகிட்டே இருக்கு. அவருக்கு வருத்தம் இருக்கும், இருக்கட்டும், ஒரு வாரம் முகம் தூக்கி வெச்சுப்பார், அழக்கூட அழுவார், அந்த வருத்தத்த அவர் பட்டு முடிக்கணும். அதத் தடுக்க நீ மயக்க ஊசி போட்டுக்கிட்டுப் படுக்கணுமா?

நெஜமாவே உனக்கு மூணாவது வேண்டாம்னா அதுக்கு நேரடியா வழி இருக்கு. காப்பர்-டி இருக்கு, அதுல பத்து வருஷம் வரைக்கும் வேலை செய்யற வகை இருக்கு. உனக்கு டியூப் கட்டலாம், ரெண்டாவது சிசேரியன் அப்பவே கட்டியிருக்கலாம், ஏன் கட்டலன்னு யோசிச்சுப் பாரு, அன்னிக்கும் இதே மௌனம்தானா? ஆம்பளைக்குப் பண்ற கருத்தடை ஆபரேஷன், வாசெக்டமி இருக்கு, அந்த இடத்துல மட்டும் மரத்துப்போற ஊசி, அரை மணி நேரத்துல முடிஞ்சுரும், அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம். ஒரு மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் பண்ணி சரின்னு சொல்ற வரைக்கும் மத்த பாதுகாப்பு வேணும், அவ்வளவுதான். ரெண்டு சிசேரியன் தாங்கின உடம்பு உன்னோடது, ஒவ்வொரு சிசேரியனுக்கு அப்புறமும் அடுத்த பிரசவத்துல நஞ்சுக்கொடி பழைய தழும்புல ஒட்டிக்கற ஆபத்து கூடிக்கிட்டே போகும். இதையும் சேத்துச் சொல்லு அவர்கிட்ட. ஆனா இதையே சாக்கா வெச்சுக்காத, விருப்பமில்லன்னா விருப்பமில்லன்னே மொதல்ல சொல்லு, இதெல்லாம் ரெண்டாவது வரியா வரட்டும்.

ஒருவேள உனக்கே இன்னும் முழுசா முடிவாகலையோ என்னவோ. அப்படியும் சில பேர் எழுதுவாங்க, வேண்டாம் வேண்டாம்னு எழுதிட்டு ஒரு ஓரத்துல "பாக்கலாம்"னு இருக்கும். அப்படி ஒரு துளி இருந்தாக்கூட இப்ப சர்ஜன் பக்கமே போகாத, தள்ளிப் போடு. தோல் எங்கயும் போயிடாது.

பேசி முடிச்சு, ரெண்டு பேரும் ரெண்டே போதும்னு நின்ன அப்புறமும் இந்த ஆபரேஷன் வேணும்னு உனக்கு இருந்தா, நான் குறுக்க நிக்க மாட்டேன். வெயிட் ஒரு வருஷமா ஒரே மாதிரி இருக்கு, அது நல்ல விஷயம், ஏன்னா இது வெயிட் குறைக்கற ஆபரேஷன் இல்ல, குடலச் சுத்தி உள்ள இருக்கற கொழுப்பு இதுல போகாது. தசை விலகினதுக்கு மொதல்ல பிசியோதெரபிஸ்ட்கிட்ட சில மாசம் முறையா பயிற்சி எடுத்துப் பாரு, நீயா பண்ற எக்ஸர்சைஸ் வேற, அது வேற, இடைவெளி குறையலாம், குறையலன்னாக்கூட வயித்துக்கு பலம் வரும். தொங்கற தோல் எந்தப் பயிற்சிக்கும் சுருங்காது, அத நான் மறைக்கல. தொப்புள்கிட்ட ஹெர்னியா, அதாவது குடல் பிதுங்கறது, இருக்கான்னு பாக்கச் சொல்லு. கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டா சர்ஜன்கிட்ட கட்டாயம் சொல்லு, ஈஸ்ட்ரோஜன் இருக்கற மாத்திரை கால்ல ரத்தம் உறையற ஆபத்தக் கூட்டும், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. தோலுக்கு அடியில நீர் சேர்றது, சீழ் வைக்கறது, தையல் ஓரத்துல தோல் கருத்துச் சாகறது, அடிவயித்துல மாசக்கணக்குல மரத்துப்போறது, இதெல்லாம் நல்ல சர்ஜன் கைல பண்ணாலும் நடக்கற விஷயம், பயமா இருக்குன்னு எழுதினல்ல, அந்த பயம் நியாயமானதுதான், அத என்கிட்ட கொட்டாம ஒவ்வொண்ணா எழுதி எடுத்துட்டுப் போய் சர்ஜன்கிட்ட கேளு. தழும்பு அடிவயித்துல இந்த இடுப்புலேர்ந்து அந்த இடுப்பு வரைக்கும் நீளமா இருக்கும், மங்கறதுக்கே ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் ஆகும், போகாது.

அப்புறம் அந்த ஒரு வாரம் லீவு. யார் சொன்னா ஒரு வாரம்னு? மொத வாரம் நிமிந்து நடக்கவே முடியாது, தையல் இழுக்கும்னு கூனிக்கிட்டேதான் நடப்ப, வயித்துலேர்ந்து நீர் வடிய டிரெயின் குழாய் தொங்கிக்கிட்டு இருக்கும். உக்காந்து பாக்கற வேலைக்கே ரெண்டு வாரத்துலேர்ந்து நாலு வாரம் கேப்பாங்க. இறுக்கமான பெல்ட் வாரக்கணக்குல போட்டிருக்கணும். கனமான எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்கக்கூடாது. ரெண்டரை வயசுப் பையன் இருக்கான் உன் வீட்ல, ராத்திரி அழுதா உன்னத்தான் தேடுவான், கைய நீட்டிக்கிட்டு வருவான், நீ அவனத் தூக்கக்கூடாது, தைச்ச தசை விட்டுரலாம்.

அதனால வர்ற ஞாயித்துக்கிழமை குழந்தைங்க தூங்கின அப்புறம் போன ரெண்டையும் தூர வெச்சுட்டு அவரக் கூப்பிட்டு உக்கார வை. மொதல்ல, எனக்கு மூணாவது வேண்டாம்னு சொல்லு. வயித்தப் பத்தி அன்னிக்கு ஒரு வார்த்த பேசாத, ரெண்டையும் சேத்தா மறுபடி அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுப்ப. அவர் சொல்றத முழுசாக் கேளு, குறுக்க பேசாம கேளு. ஆபரேஷன் பேச்ச அடுத்த வாரமோ அடுத்த மாசமோ எடு, எடுக்கறப்ப, அந்த ஆறு வாரம் சின்னவன யார் தூக்கறதுங்கறதுலேர்ந்து ஆரம்பி.