விபத்துக்கு நன்றி சொல்லாதீர்கள்

அன்புள்ள ஐயா,

பாடகர் ஓசி ஆஸ்போர்னின் மறைவுக்குப் பிறகுதான் நான் அவருடைய பிளாக் சப்பாத் ராக் குழுவைக் கேட்கத் தொடங்கினேன். அவர்களுடைய முதல் ஆல்பம் பிரிட்டனில் ஒரு விதமாகவும் அமெரிக்காவில் ஒரு பாடல் மாறியும் வந்திருக்கிறது. எதைக் கேட்க வேண்டும்? தலைப்புப் பாடலில் வரும் சுர இடைவெளியைத் திருச்சபை ஒரு காலத்தில் தடை செய்திருந்தது என்கிறார்களே, உண்மையா? கிட்டார் கலைஞர் டோனி ஐயோமியின் விரல்நுனிகள் தொழிற்சாலையில் துண்டான கதையையும் படித்தேன். வலி தெரியாமலிருக்கக் கம்பிகளைத் தளர்த்தியதால்தான் அந்தக் கனத்த ஒலி பிறந்ததாம். அந்த இயந்திரத்துக்கு ரசிகர்கள் நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எல்லாம் நன்மைக்கே என்பது இதுதானே?

எம்.

அன்புள்ள எம்.,

ஒரு பாடகர் இறந்த பிறகு அவரைத் தேடிப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2025 ஜூலை 5ஆம் தேதி பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில், தாங்கள் பிறந்து வளர்ந்த தெருக்களுக்கு அருகிலுள்ள வில்லா பார்க் மைதானத்தில், பிளாக் சப்பாத்தின் நால்வரும் கடைசியாக ஒன்றாக மேடையேறினார்கள். பதினேழு நாட்களில் ஓசி போய்விட்டார். அன்று முதல் எத்தனையோ இளைஞர்கள் உங்களைப் போலவே அந்தப் பாடல்களுக்குள் வந்திருப்பார்கள். வந்தது நல்லது.

எந்தப் பதிப்பு என்பது பெரிய விஷயமில்லை, கையில் கிடைப்பதைக் கேளுங்கள். திருச்சபைத் தடை என்பது பிற்காலத்தில் கட்டிவிட்ட கதை. அப்படியொரு தடைக்கு ஆதாரம் கிடையாது. அந்தப் பாடலின் மூன்று சுரங்களை நம் வழக்கில் சொன்னால் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அங்கிருந்து இறங்கி பிரதி மத்தியமம். கல்யாணியில் நாம் நாள்தோறும் கேட்டு மகிழும் அதே இடைவெளிதான். ஐயோமி அதைப் பஞ்சமத்தில் கொண்டுபோய் இளைப்பாற விடாமல், மத்தியமத்திலேயே நிறுத்தி, விரலால் அதிரவைத்துக்கொண்டு நிற்கிறார். கேட்பவருக்கு வயிற்றைக் கலக்குவது அதனால்தான்.

இனி நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரிகளுக்கு வருகிறேன். அவற்றைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் தணியவில்லை. ஒரு பதினேழு வயதுப் பையனின் கையைச் சிதைத்த இயந்திரத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நடந்தது என்ன என்பதை ஐயோமியே பலமுறை சொல்லியிருக்கிறார். தகட்டுத் தொழிற்சாலையில் அவர் வெல்டர். ஒரு குழுவோடு ஜெர்மனிக்கு வாசிக்கப் போவதற்காக வேலையை விட்டிருந்தார். அன்று கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகமாட்டேன் என்று சொல்ல, எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அனுப்பிவைத்தவர் அவருடைய அம்மா. வழக்கமாக அழுத்து இயந்திரத்தில் நிற்கும் பெண் அன்று வரவில்லை என்பதால், அதில் பழக்கமில்லாத அவரை நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனியிழந்தன. அவர் இடது கைக்காரர், ஆகவே கம்பிகளை அழுத்தும் கை அதுதான். இனி வாசிக்கவே முடியாது என்றார்கள் மருத்துவர்கள்.

என் சித்தப்பா அம்பத்தூரில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினார். வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். அவருக்கும் வலது கையில்தான், இரண்டு விரல்கள். எங்கள் தெருவில் கேரம் ஆட்டத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஸ்டிரைக்கரை அவர் சுண்டுவதைப் பார்க்கவே பையன்கள் சுற்றி நிற்போம். விசாரிக்க வந்தவர்கள் ஒருவர் தவறாமல், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. தடுப்பை ஏன் கழற்றினீர்கள் என்று பட்டறைக்காரரைப் போய்க் கேட்க அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு சித்தப்பா இடது கையால் ஆடப் பழகிக்கொண்டார், நன்றாகவே ஆடினார், ஆனால் பழைய ஆட்டம் திரும்பவில்லை. எல்லாம் நன்மைக்கே என்ற சொல்லை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாமல் போனது அப்போதிலிருந்துதான்.

ஐயோமிக்கு அன்று உதவியவர் அந்தத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர். அவர் வீடு தேடி வந்து ஜாங்கோ ரைன்ஹார்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். தீயில் இடது கை கருகி, இரண்டே விரல்களால் தனி வாசிப்புகளை வாசித்த ஜாஸ் கிட்டார் மேதை ஜாங்கோ. தம்பி, ஆறுதல் என்றால் அது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உழைப்பு. பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி உருட்டி, சூடான சால்டரிங் அயர்னால் துளையிட்டு, விரலில் பொருந்தும்வரை தேய்த்து, பழைய ஜாக்கெட்டின் தோலை அதன்மேல் ஒட்டி, தனக்கான விரலுறைகளைத் தானே செய்துகொண்டார். மெல்லிய கிட்டார் கம்பிகள் கடையில் கிடைக்காததால் பேஞ்சோ கம்பிகளை எடுத்துப் பூட்டினார்.

நீங்கள் படித்த காரணமும் தவறு. முதல் ஆல்பத்தில் கம்பிகள் தளர்த்தப்படவே இல்லை; வழக்கமான சுருதியில்தான் வாசித்திருக்கிறார்.  கம்பிகளை மூன்று அரைச்சுரங்கள் இறக்கியது 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில். அப்படியானால் முதல் ஆல்பத்தில் அந்தக் கனம் எங்கிருந்து வந்தது? குழுவின் கீஸர் பட்லர் பாஸ் கிட்டாருக்கு மாறுவதற்கு முன் ரிதம் கிட்டார் வாசித்தவர். அந்தப் பழக்கத்தில் ஐயோமியின் ஸ்வரக்கோவையையே கீழ் ஸ்தாயியில் கூடவே வாசிக்கிறார், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துதான் அத்தனை தடிப்பாக ஒலிக்கின்றன. தலைப்புப் பாடலின் விதையும் அவருடையதே. ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் செவ்வாய் கிரக இசையை அவர் பாஸில் வாசித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் ஐயோமி அந்த மூன்று சுரங்களுக்கு வந்தார். டிரம்ஸ் வாசித்த பில் வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர் என்பதால், எவ்வளவு மெதுவான பாடலிலும் தாளம் அசைந்துகொண்டே இருக்கிறது. இதில் எந்த இயந்திரத்துக்கு என்ன பங்கு?

1969 அக்டோபர் 16ஆம் தேதி, லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில், ரோட்ஜர் பெயினின் தயாரிப்பில், ஒரே நாளில் ஆல்பத்தை வாசித்து முடித்தார்கள். மழையும் இடியும் கோயில் மணியும் பிறகு சேர்க்கப்பட்டவை. அன்றைக்கும் ஐயோமிக்கு ஒரு சோதனை வந்தது. முதல் பாடல் முடிந்ததும் அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் பழுதாகி, மாற்றாக வைத்திருந்த கிப்சன் எஸ்ஜி கிட்டாரை எடுத்து மீதியை வாசித்தார். ஒரே நாளில் முடிந்தது என்றால், ஹாம்பர்க்கின் ஸ்டார் கிளப் போன்ற இடங்களில் ஒரே இரவில் பலமுறை மேடையேறி அந்தப் பாடல்களைக் கை தானாக வாசிக்கும் அளவுக்குப் பழகியிருந்தார்கள் என்று பொருள்.

விபத்து தன் வாசிப்பை மாற்றியது என்று ஐயோமியே சொல்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறார். இழந்தவர் அவர், அந்தக் கணக்கைப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு. இங்கே உட்கார்ந்து ஹெட்போனில் கேட்கிற உங்களுக்கும் எனக்கும் கிடையாது.

கோபமாக எழுதிவிட்டேன் என்று மனம் வருந்தாதீர்கள். உங்கள் வயதில் நல்ல இசையின் பக்கம் காது திரும்பியிருப்பதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. 'என்ஐபி' பாடலுக்கு முன்பு பட்லர் தனியாக, ஒலியை வளைத்துக் காட்டும் வா-வா பெடலை மிதித்துக்கொண்டு வாசிக்கும் பகுதியை இரவில் நல்ல ஹெட்போனில் கேட்டுவிட்டு, அதில் உங்கள் காதில் என்ன விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள்.