சமூக உளவியல் ஆய்வுக்கு நூலகத்தில் ஆதாரங்களைத் தேடுவது எப்படி?

காரைக்குடிப் பக்கம் இருந்துகொண்டு சமூக உளவியலில் ஆய்வு செய்வதாகவும், நூலகத்துக்குப் போனால் வெறுங்கையோடு திரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வேலையும் பார்த்துக்கொண்டு பகுதிநேரமாகப் படிப்பவர், நெறியாளர் ‘முந்தைய ஆய்வுகள்’ அத்தியாயத்தைக் கேட்டு நெருக்குகிறார் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். 2018ல் நான் அப்படித்தான் இருந்தேன்.

நான் பேராசிரியர் அல்ல. தேவகோட்டைப் பக்கம் பள்ளி ஆசிரியை, ஒரு எம்.ஃபில். முடித்தவள், அவ்வளவுதான். நூலகவியல் படித்தவர்கள் இதில் குறை கண்டால் பொறுத்துக்கொள்ளட்டும். மூன்று சனிக்கிழமைகளை வீணாக்கியவளுக்கும் சொல்ல உரிமை உண்டு.

என் தலைப்பு பத்து ரூபாய் நாணயம். சிரிக்காதீர்கள். அந்த நாட்களில் எங்கள் பக்கம் அந்த நாணயத்தை நீட்டினால் காய்கறிக் கடையில் கையை ஆட்டிவிடுவார்கள். பஸ்ஸில் நடத்துநர் முகத்தைச் சுளிப்பார். 14 வடிவங்களில் வெளிவந்த பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கையே வெளியிட்டது. அறிக்கை வந்தது, நாணயம் மட்டும் கடையில் ஏறவில்லை. ‘அது செல்லாது’ என்ற ஒரு புரளி எப்படி அரசாங்க அறிவிப்பையே தோற்கடிக்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஒரு கல்லூரி நூலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். பெயர் வேண்டாம். ‘உளவியல்’ என்று எழுதிய அலமாரியில், நூல்களைத் துறைவாரியாக அடுக்கும் டூயி எண் வரிசையில் 150 தொடங்கும் இடத்தில், நினைவாற்றல், குழந்தை வளர்ச்சி, பி.எட். தேர்வுக்கான கையேடுகள் எல்லாம் இருந்தன. புரளியைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த வாரமும் அதே அலமாரி. மூன்றாவது வாரம், ஓய்வுபெறப் போகும் நிலையில் இருந்த நூலகர், “என்ன டீச்சர், அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். சமூக உளவியல் என்றேன்.

“அது இங்கே இருக்காது. 302க்குப் போங்கள்” என்றார்.

டூயி பகுப்பில் சமூக உளவியலுக்கு வீடு, உளவியலில் இல்லை. சமூக அறிவியல் வரிசையில், சமூகவியலை ஒட்டி 302ல் இருக்கிறது. அடுத்த வீடுகள் 303ம் 305ம். சாதி, வர்க்கம், இனக்குழுக்கள் எல்லாம் 305ல். மாடியேறிப் போனால் நான் மூன்று வாரமாகத் தேடியது இரண்டு தட்டு நிறைய இருந்தது. தூசியோடுதான். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931ல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது. அலமாரியில் ‘சமூக உளவியலுக்கு 302 பார்க்க’ என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தால் எனக்கு மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து அவர் சொல்லிக்கொடுத்தது எழுத்துக்கூட்டல். கணினியில் புரளிக்கு ஆங்கிலச் சொல்லான ‘ரூமர்’ என்று தேடினேன். அந்தச் சொல்லைப் பிரிட்டிஷ்காரர்கள் கடைசி எழுத்துக்கு முன் ஒரு ‘யு’ சேர்த்து எழுதுவார்கள். அமெரிக்கர்கள் அதை விட்டுவிடுவார்கள். நாம் பள்ளியில் பிரிட்டிஷ் முறையில் படித்தவர்கள், ‘யு’வோடுதான் தேடுவோம். இந்தத் துறையில் பாதிக்கு மேல் அமெரிக்கர்கள் எழுதியது. ‘பிஹேவியர்’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான். இரண்டு விதமாகவும் தேடுங்கள். இதைச் சொன்னால் சின்ன விஷயம் என்று தோன்றும். எனக்கு ‘யு’வை எடுத்த பிறகுதான் கார்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மனும் 1947ல் புரளியைப் பற்றி எழுதிய நூலே கண்ணில் பட்டது.

இனி நான் பெருமைப்படும் இடம். 302ல் எடுத்த ஒரு பாடநூலில் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் வந்தார். மனத்துக்குள் இரண்டு எண்ணங்கள் ஒத்துப்போகாவிட்டால் மனிதன் என்ன செய்வான் என்று 1957ல் கோட்பாடு வகுத்தவர். அந்த யோசனை அவருக்கு எங்கிருந்து தொடங்கியது என்று அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு போனால், அது பீகாரில் போய் நிற்கிறது! 1934 ஜனவரி 15 நிலநடுக்கத்துக்குப் பிறகு பரவிய புரளிகளைத் திரட்டி, ஜமுனா பிரசாத் என்ற இந்திய ஆய்வாளர் மறுவருடமே ஒரு பிரிட்டிஷ் ஆய்விதழில் எழுதியிருக்கிறார். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதமே இல்லாத ஊர்களில், இன்னும் பெரிய அழிவு வரப்போகிறது என்ற புரளி ஏன் பரவியது? ஃபெஸ்டிங்கரை உறுத்தியது இந்தக் கேள்வி. ஏற்கெனவே பயந்துபோன மனம், அந்தப் பயத்துக்கு ஒரு நியாயம் தேடியது என்பது அவர் கண்ட விடை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் ஒரே இரவில் செல்லாமல் போனதைப் பார்த்த மக்கள் இவர்கள். எங்கள் பக்கம் பயம் முதலில் வந்தது, நாணயப் புரளி பின்னால் வந்தது. என் ஆய்வின் முதுகெலும்பே அந்த அடிக்குறிப்புதான். நூலகர் வேறொரு நூலகத்துக்கு எழுதி, பதினோரு நாளில் 1935 கட்டுரையின் நகலை வரவழைத்துக் கொடுத்தார். நூலகங்களுக்கு இடையே இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. டெல்நெட் போன்ற வலையமைப்புகளே இதற்காக இருக்கின்றன. வாய் திறந்து கேட்டால்தான் செய்வார்கள்.

எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே என்பவர்கள் இருப்பார்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையத் தொகுப்பு இருக்கிறது. அதில் ஓர் ஆய்வேட்டைப் பிடித்தால் அதன் பின்பக்கப் பட்டியல் பாதி வேலையை முடித்துவிடும். அரசுப் பல்கலைக்கழக மாணவர் என்றால், 2025ல் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் வெளிநாட்டு ஆய்விதழ்கள் உங்களுக்குத் திறக்கின்றனவா என்று நூலகத்தில் கேளுங்கள். ஆனால் செயற்கை நுண்ணறிவு தரும் கட்டுரைப் பெயர்களை அப்படியே எழுதிவிடாதீர்கள். இல்லாத கட்டுரைக்கு ஆண்டும் பக்க எண்ணும் சேர்த்துக் கொடுத்துவிடும்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நகல் வாங்கப் போன அன்று ஒரு புத்தகத்துக்குத் தாமதக் கட்டணம் பத்து ரூபாய் ஆகியிருந்தது. நாணயத்தை நீட்டினேன். நூலகர் தயங்கி, “நோட்டு இல்லையா டீச்சர்? எனக்கு ஒன்றுமில்லை, டீக்கடையில் வாங்க மாட்டான்” என்றார். அந்த டீக்கடைக்காரரை நான் முன்பே பேட்டி எடுத்திருந்தேன். தனக்கு ஒன்றுமில்லை, வாடிக்கையாளர்கள் வாங்க மாட்டார்கள் என்று அவரும் சொல்லியிருந்தார். தனக்கு நம்பிக்கை இருந்தும், மற்றவர்களுக்கு இல்லை என்று எண்ணி ஒவ்வொருவரும் நடந்துகொள்வதற்கு ‘ப்ளூரலிஸ்டிக் இக்னரன்ஸ்’ என்று பெயர். ஃப்ளாய்ட் ஆல்போர்ட்டும் காட்ஸும் 1931லேயே எழுதிவிட்டார்கள். இதற்கு நல்ல தமிழ்ச்சொல் இருந்தால் சொல்லுங்கள்.

பழைய தமிழ் இதழ்கள் வேண்டுமானால் புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்துக்குப் போங்கள். காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரத்துப் பயணம். மதுரையில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேகரித்த பழைய நூல்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டன என்று என் சித்தப்பாவே சொல்வார். அதுவும் புரளிதான். 1992ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது உண்மை. நூல்கள் சென்னையில், தரமணி நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் கோட்டையூரில் இருந்ததைப் பார்க்கக் கோட்டையூர்க்காரர் சென்னைக்கு ரயிலேற வேண்டியிருக்கிறது.

அதுவாவது பிழைத்தது. எங்கள் ஊரில் ஒரு பெரிய வீட்டைப் பிரித்தபோது தேக்குத் தூணை ஒவ்வொன்றாக எண்ணி விலை பேசினார்கள். கதவு நிலைக்குப் போட்டி. பெட்டகத்தில் இருந்த பேரேடுகளையும் ரங்கூன் கடிதங்களையும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டார்கள். 1941, 42ல் ஜப்பான்காரன் வருகிறான் என்று பர்மாவிலிருந்து எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன என்று அந்த வீட்டு ஆச்சி பிறகு சொன்னார். பயத்தில் இருந்தவர்கள் தங்கள் கைப்பட எழுதியவை! புரளியை ஆராய்பவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கடைக்கு ஓடினேன். லாரி போய்விட்டது. நூலகத்தைப் பற்றிக் கேட்டவரிடம் இதை ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை, இன்னும் ஆறவில்லை.

உங்கள் தலைப்பு என்ன என்று நீங்கள் எழுதவில்லை. சொன்னால் எந்தத் தட்டு என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கடிதக் கட்டு ஏதாவது கிடந்தால் அதையும் சொல்லுங்கள், எடைக்குப் போடுவதற்கு முன்.