மழை லீவு விட்டால் பிள்ளையை யார் பார்ப்பது?

வணக்கம் மேடம்,

என் கணவர் மெட்ராஸ் ரெஜிமெண்ட். இப்போது லடாக் பக்கம் ஃபீல்டு போஸ்டிங், குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது என்பதால் நானும் பிள்ளைகளும் வெலிங்டன் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். குன்னூரில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மகன் ஆறாம் வகுப்பு, மகளுக்கு நாலு வயது. இங்கே ஜூலை மாதம் எப்படி என்று தெரியுமே, விடியற்காலையில் கலெக்டர் மழை லீவு விட்டுவிடுவார், எனக்கு மட்டும் ஆபீஸ் உண்டு. தங்கச்சிக்குச் சோறு ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் பெரியவன்தான். "இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பள" என்று அவர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அவ்வளவு பொறுப்பு. ஆனால் இப்போதெல்லாம் அப்பா போன் செய்தால் பேச வரமாட்டேன் என்கிறான், ஃபுட்பாலை நிறுத்திவிட்டான், ராத்திரி எழுந்து கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறான். சின்னவளைக் காப்பகத்தில் விடலாம் என்றால், பெத்தவ இருக்கும்போது எதுக்கு என்கிறார் மாமியார்.

பெயர் வேண்டாம், வெலிங்டன்

அன்புள்ள சகோதரிக்கு,

பொறுப்பு என்று நீங்கள் சொல்வது எனக்கு டியூட்டி மாதிரித் தெரிகிறது. அப்பா ஆசையாகச் சொன்னதை அவன் ஆர்டராக எடுத்துக்கொண்டான், அதிலிருந்து லீவே இல்லை. போனில் அவன் என்ன பேசுவான்? பயமாக இருக்கிறது என்றால் ஆம்பள இல்லை, எல்லாம் சரி என்றால் பொய். அதனால் போனையே தவிர்க்கிறான். இதை அப்பாவேதான் சொல்லி எடுக்க வேண்டும், நீங்கள் சொன்னால் பலிக்காது. சிக்னல் கிடைக்கும்போது ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும்: "வீட்டை அம்மா பார்த்துப்பாங்க, நீ போய் விளையாடு."

ஆனால் சொல்லிவிட்டு மறுநாள் மழை லீவில் திரும்பவும் தங்கையை அவன் கையில் கொடுத்தால் அந்த வார்த்தைக்கு மதிப்பில்லை. எனவே சின்னவளுக்கு ஏற்பாடு முதலில். ராணுவ வீரர்களின் மனைவியருக்கான ஆவா நலச் சங்கம் 1966 முதல் இருக்கிறது, பாலர் பள்ளி, காப்பகம் என்று உங்கள் பக்கம் என்ன நடத்துகிறார்கள், மழை நாளில் திறந்திருக்குமா என்று நேரில் போய்க் கேளுங்கள். உங்கள் கம்பெனியில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் சட்டப்படி குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், அதையும் கேட்கலாம், தயங்காதீர்கள். கணவர் ஃபீல்டில் இருக்கும் குடும்பங்கள் உங்கள் லைனிலேயே இன்னும் இருக்குமே, மழை லீவு அவர்களுக்கும் இதே தலைவலிதான். முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், முடியாதவர்கள் பணம் கொடுக்கலாம். மாமியாருக்கு என் பதில் ஒன்றுதான்: இப்போதும் பிள்ளையை இன்னொருத்தரிடம்தானே விடுகிறோம், அவருக்கு வயது பதினொன்று.

ராணுவத்தில் வருடாந்திர லீவு 60 நாள் என்றாலும் அது கல்யாணம், கோயில் கொடை என்று ஊரிலேயே கரைந்துவிடும். யூனிட் விட்டால் ஒரு பகுதியை ஜூலையில் வெலிங்டனில் கழிக்கச் சொல்லுங்கள். அவர் வந்ததும் பையனைப் பற்றிய புகார்ப் பட்டியலை மட்டும் நீட்டிவிடாதீர்கள்.

ராத்திரி கதவை அவன் கண் முன்னால் நீங்கள் பூட்டுங்கள், சாவியும் உங்களிடம் இருக்கட்டும். எழுந்து பார்ப்பது சில வாரங்களில் குறையவில்லை என்றால் ராணுவ மருத்துவமனையில் காட்டுங்கள், அதற்கு முன் பேச வேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.