அம்மா வரும் வாரம் அவர் எங்கே போவார்?

கேள்வி: எனக்கு 32 வயது. தன்பாலீர்ப்பாளன். கோவையில் ஆறு வருடமாக ஒருவரோடு சேர்ந்து வாழ்கிறேன். இப்போது பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு பக்கம், ஐ.டி.பி.எல். டெக் பார்க்கில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. அவரும் கூட வருகிறார். பிசியோதெரபிஸ்ட் என்பதால் அங்கே போய் வேலை தேடிக்கொள்வார். எங்களைப் போன்றவர்கள் தொந்தரவில்லாமல் வாழ எந்த ஏரியா நல்லது? இந்திராநகர், கோரமங்களா என்கிறார்கள். ஒயிட்ஃபீல்டிலேயே பெரிய அபார்ட்மென்ட்டாகப் பார்க்கலாமா? வாடகை 30,000 வரை தர முடியும். இருவருக்குச் சிங்கிள் பெட்ரூம் போதும், அக்ரிமென்ட்டை என் பெயரில் போட்டுக்கொள்வேன். அப்பா இல்லை. கோபியில் இருக்கும் அம்மாவுக்கு முட்டி வலி. ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து ஒரு வாரம் தங்குவார். என்னோடு வாழ்பவரை என் நண்பர் என்று அம்மாவுக்குத் தெரியும். அந்த ஒரு வாரம் இங்கே செய்வதுபோல அவர் வேறு நண்பர் வீட்டில் இருந்துகொள்வார், அது ஒரு பிரச்சினை இல்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்:

"அது ஒரு பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அதைச் சொன்னது அவரா, நீங்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், அவர் சொன்னதாக ஒரு வரி இல்லை. ரெண்டு மாதத்துக்கு ஒரு வாரம் என்றால் வருடத்துக்கு 42 நாள். தான் வாழும் வீட்டை விட்டு 42 நாள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார் ஒரு மனிதர். கோவையிலாவது போய்ப் படுக்க அவருக்கு ஒரு நண்பர் வீடு இருக்கிறது. உங்கள் வேலைக்காகத் தன் வேலையை விட்டுவிட்டுத் தெரியாத ஊருக்கு வருகிறாரே, அங்கே எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்?

இன்னொன்று. உங்கள் அம்மாவுக்கு முட்டி வலி. வீட்டில் இருப்பவர் பிசியோதெரபிஸ்ட். அம்மா வந்து இறங்குகிற நாளில் அவரை வெளியே அனுப்புகிறீர்கள். எழுதும்போது இது உங்கள் கண்ணில் படவே இல்லையா?

ஏரியாவைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் எத்தனை ரூம், எந்தத் தளம், யார் பெயரில் அக்ரிமென்ட் என்பதெல்லாம் இந்த ஒரு வாரத்தை நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதிலிருந்துதான் வரும். அதனால் முதலில் இதை முடிவு செய்யுங்கள்: அவர் எங்கும் போகப்போவதில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள் என்று நான் வற்புறுத்தவில்லை. எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பது நீங்கள் இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. நான் கேட்பது வேறு. பெங்களூரில் ரெண்டு ஆண்கள் ஒரு டபுள் பெட்ரூம் வீட்டைப் பகிர்ந்துகொள்வது தெருவுக்கு நாலு வீட்டில் நடக்கிறது. உங்கள் அம்மாவுக்கும் அவரைத் தெரியும். அம்மா வந்தால் ஒரு ரூம் அம்மாவுக்கு, இன்னொன்றில் நீங்கள் இருவரும். இதற்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய சட்டைகளைச் சூட்கேஸில் அடைத்துப் பரணில் ஏற்ற வேண்டியதில்லை, பாத்ரூமில் இருக்கும் ரெண்டாவது பிரஷ்ஷை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. சிங்கிள் பெட்ரூம் எடுத்தால்தான் ஒருவர் வெளியே போக வேண்டி வரும். ஆகவே டபுள் பெட்ரூம். வாடகை கூடினால் கூடட்டும், வேறு செலவைக் குறையுங்கள்.

இனி ஏரியா. பெங்களூரில் இது நம்மவர்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு பேட்டை கிடையாது. இந்திராநகரில் கஃபேக்களும் பார்களும் இருப்பதால் அங்கே குடியிருப்பது சுலபம் என்று நினைக்கிறார்கள். கஃபே நடத்துபவர் வேறு, மாடியை வாடகைக்கு விடுபவர் வேறு. அதே தெருவில் ஒரு ஓனர் எதுவும் கேட்க மாட்டார், அடுத்த வீட்டு ஓனர் ராத்திரி பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டுவார். கட்டடத்துக்குக் கட்டடம் மாறும், அதனால் கட்டடத்தைப் பாருங்கள்.

ஜெயநகர், பசவனகுடி, மல்லேஸ்வரம் பக்கம் ஓனர் கீழேயும் வாடகைக்காரர் மேலேயும் இருக்கும் தனி வீடுகள் அதிகம். நல்ல ஏரியாக்கள்தான். ஆனால் மாடிப்படி ஓனர் வீட்டு வாசல் வழியாகப் போகும். யார் வருகிறார், யார் தங்குகிறார் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். "ஃபேமிலிக்கு மட்டும்", "சைவத்துக்கு மட்டும்" என்ற நிபந்தனைகளும் இங்கே கூடுதல். உங்களுக்கு வேண்டாம்.

ஒயிட்ஃபீல்டு, பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் இருக்கிற நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட அபார்ட்மென்ட்டில் ஓனர் வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ இருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. நிம்மதி என்று தோன்றும். அங்கே உங்களை விசாரிப்பது அசோசியேஷன். குடிவரும்போது கொடுக்கும் படிவத்தில் "குடும்ப உறுப்பினர்கள்" என்றொரு கட்டம் இருக்கும். கேட்டில் இருக்கும் செயலியில் யார் பெயர் பதிவாகிறதோ அவர்தான் குடியிருப்பவர், மற்றவர் ஒவ்வொரு முறையும் விருந்தாளி. சில இடங்களில் பேச்சுலர்களுக்கென்று தனி விதிகள் வைத்திருப்பார்கள். ஓனரிடம் கேட்டால் அசோசியேஷன் சொல்கிறது என்பார், அசோசியேஷனிடம் கேட்டால் ஓனரிடம் பேசுங்கள் என்பார்கள். அங்கேதான் போவது என்றால் அசோசியேஷனின் விதிப் புத்தகத்தை வாங்கிப் படித்த பிறகுதான் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். ஐந்தோ பத்தாயிரமோ டோக்கன் கொடுத்துவிட்டு, பிறகு விதியைப் பார்த்துப் பின்வாங்கினால் அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பி வராது.

உங்களுக்கு நான் சொல்வது எட்டு, பத்து வீடுகள் மட்டும் உள்ள பழைய கட்டடங்கள். காக்ஸ் டவுன், குக் டவுன், ஃபிரேசர் டவுன், டொம்லூர், ஹலசூரு பக்கம் இவை நிறைய. பல மொழிக்காரரும் பல மதத்தவரும் தலைமுறைகளாகக் கலந்து வாழும் கன்டோன்மென்ட் பகுதி என்பதால் வாடகைக்கு வருகிறவரின் சாதியையும் சமையலையும் துருவும் வழக்கம் ஒப்பிட்டால் குறைவு. ஹலசூருவிலிருந்து மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் ஏறினால் மாறாமல் ஐ.டி.பி.எல். பக்கத்துப் பட்டந்தூர் அக்ரஹாரா ஸ்டேஷனில் இறங்கலாம். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது. அம்மாவின் முட்டிக்குத் தரைத்தளம் அல்லது முதல் மாடி, அதற்கு மேல் காட்டினால் பார்க்காமலே வந்துவிடுங்கள். இந்திராநகரில் உங்கள் 30,000-க்கு டபுள் பெட்ரூம் கிடைப்பது கஷ்டம், அதைத் தேடி அலைய வேண்டாம்.

ஹலசூருவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழர்கள் அதிகம் வாழும் பகுதி. சோமேஸ்வரர் கோயில் இருக்கிறது, அம்மா கடைக்காரரோடு தமிழில் பேசிக் காய் வாங்கலாம். அதே காரணத்தால் படியேறும்போது "தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?" என்று தமிழில் கேட்கவும் ஆள் இருக்கும். நீங்கள் இல்லாத நேரத்தில் அம்மாவிடமும் கேட்பார்கள். உங்களுக்கு அது தாங்காது என்றால் காக்ஸ் டவுனுக்குப் போங்கள், அம்மாவுக்குக் கொஞ்சம் வசதி குறையும், அவ்வளவுதான்.

வீடு பார்க்கும்போது புரோக்கரிடம் முதல் போனிலேயே சொல்லுங்கள்: "நாங்கள் ரெண்டு பேர், ரெண்டு பேர் பெயரிலும் அக்ரிமென்ட், அம்மா வந்து தங்குவார்." ஓனருக்கு உங்கள் உறவை விளக்கும் கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் அண்ணன் தம்பி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு ரெண்டு பேர் ஆதாரையும் கொடுக்கும்போது அப்பா பெயரும் ஊரும் பொருந்தாது. அன்றைக்கே பொய்யர்கள் ஆகிவிடுவீர்கள், பிறகு ஓனர் எப்போது வேண்டுமானாலும் அதைக் காரணம் காட்டலாம். "நண்பர்கள், சேர்ந்து வீடு எடுக்கிறோம்" என்பது உண்மை, அது போதும்.

கட்டடத்துக்கு வேலை நாளில் காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை, ஞாயிறு பகலில் ஒருமுறை போங்கள். வாட்ச்மேனிடமும், தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமும் பேசுங்கள். இங்கே வேலைக்குப் போகிற பசங்களும் தனியாக வாழும் பெண்களும் குடியிருக்கிறார்களா, கடைசியாகக் காலி செய்தவர் ஏன் போனார், அட்வான்ஸ் முழுசாகத் திரும்பி வந்ததா என்று கேளுங்கள். ஓனர் சொல்லாததை இவர்கள் சொல்வார்கள். இவர்களேதான் நாளைக்கு உங்களையும் கவனிப்பார்கள். அம்மா ஆட்டோவில் வந்து இறங்கும் நாளில் ஒருவர் பையோடு வெளியேறுவதும், அம்மா போனதும் திரும்பி வருவதும் ரெண்டு தடவை நடந்தால் கட்டடம் முழுக்கப் பேச்சாகிவிடும். ஒளித்துவைக்க நீங்கள் போட்ட திட்டமே ஊருக்குக் காட்டிக்கொடுக்கும்.

இதையெல்லாம்விட நல்ல வழி, உங்களைப் போன்ற ஒருவர் காலி செய்யும் வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொள்வது. பெங்களூரில் 2008 முதல் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் நடத்தும் "நம்ம பிரைட்" ஊர்வலம் நடக்கிறது. பல வருடங்களாக இயங்கும் நண்பர் குழுக்களும் இருக்கின்றன. அவர்களுடைய வாட்ஸ்அப் குழுக்களில் வீடு காலியாகும் செய்தி வரும், அந்த ஓனரிடம் ஏற்கெனவே வாழ்ந்து பார்த்தவரே உண்மையைச் சொல்வார்.

அக்ரிமென்ட்டுக்கு வருகிறேன். உங்கள் பெயரில் மட்டும் போடுவது சின்ன விஷயம் என்று நினைக்கிறீர்கள். நாளைக்கு நீங்கள் விபத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தால், சொந்தக்காரர்கள் வந்து வீட்டைப் பூட்டினால், அவர் தன் சாமானை எடுக்கக்கூட உள்ளே போக முடியாது. முகவரிச் சான்று கிடைப்பதும் ஆதாரில் முகவரி மாற்றுவதும் கஷ்டமாகும். வேலை தேடும் மனிதருக்கு இதெல்லாம் வேண்டும். இருவரும் வாடகைதாரர்கள் என்று எழுதி, இருவரும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திடுங்கள். வழக்கமாக 11 மாதம். அட்வான்ஸ் ஒரு காலத்தில் பத்து மாத வாடகை கேட்டார்கள், இப்போது ஐந்தாறு மாதம் சகஜம். 35,000 வாடகைக்கு ஆறு மாதம் என்றால் 2,10,000. அதைப் பேங்க் மூலமாக, அவரவர் பங்கை அவரவர் கணக்கிலிருந்து அனுப்புங்கள். காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள், அதற்கு மேல் பிடிக்கக் கூடாது என்று எழுத்தில் வாங்குங்கள். விருந்தினர் பற்றியும் "ஒழுக்கம்" பற்றியும் உள்ள வரிகளை நிதானமாகப் படியுங்கள். "ஓனருக்குப் பிடிக்காத நடத்தை இருந்தால் உடனே காலி செய்ய வேண்டும்" என்ற மாதிரி வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள், அடிக்க மறுத்தால் அந்த வீடு வேண்டாம். திருநர்களுக்கு வாடகை வீடு மறுப்பதை 2019-ஆம் வருடத்துச் சட்டம் தடை செய்கிறது, உங்களுக்கு அப்படி ஒரு வெளிப்படையான சட்டம் இல்லை. அக்ரிமென்ட்டில் இருப்பதுதான் உங்கள் பாதுகாப்பு.

2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உங்கள் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2023 அக்டோபர் 17-ஆம் தேதி திருமண உரிமையைத் தர மறுத்தது. கல்யாணப் பத்திரம் இல்லாதவர்களுக்குக் காகிதம் அதிகம் வேண்டும். தன்பால் ஜோடிகள் ஜாயின்ட் அக்கவுன்ட் திறக்கவும் ஒருவரை ஒருவர் நாமினி போடவும் தடை இல்லை என்று 2024 ஆகஸ்ட் 28-ஆம் தேதி மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியிருக்கிறது. பேங்கில் தயங்கினால் அதைக் காட்டுங்கள். ரெண்டு சாட்சிகள் கையெழுத்தோடு ஆளுக்கொரு உயில் எழுதுங்கள், வெள்ளைத் தாளிலேயே எழுதலாம். புதுக் கம்பெனியில் அவசரத் தொடர்பு எண்ணாக அவர் எண்ணைக் கொடுங்கள், மருத்துவக் காப்பீட்டில் துணைவரைச் சேர்க்கலாமா என்று சேரும் முன்பே கேளுங்கள். பி.எஃப். மட்டும் வேறு. விதிப்படி, குடும்பம் உள்ளவர் குடும்பத்தாரைத்தான் நாமினியாகப் போட முடியும், உங்களை நம்பி இருக்கும் அம்மா அதில் வருவார். அது அம்மாவுக்கே போகட்டும். பெற்றவளுக்குச் சேர வேண்டியதில் கை வைக்கக் கூடாது என்பதில் எனக்கு ரெண்டாம் பேச்சு கிடையாது.

அம்மாவை வருடத்துக்கு ஆறு முறை வரவழைத்து வைத்துக்கொள்கிறீர்கள், அதை மதிக்கிறேன். பல பிள்ளைகள் செய்வதில்லை. ஆனால் ஒரு கடமையைச் செய்ய இன்னொருவரைத் தெருவில் நிறுத்துவது கடமை ஆகாது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் ஆவதற்கான வழி என்றில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொன்னது. நீதிமன்றமே ஒப்புக்கொண்டதை உங்கள் வீட்டு வரவேற்பறை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. ஆறு வருடம் கூட இருந்தவரை உங்கள் அம்மா ஒரு நல்ல மனிதராகவாவது அறிய வேண்டாமா? தன் மகன் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பவர் யார் என்று தெரியாமல் ஒரு தாயை வைத்திருப்பது அவருக்கு நீங்கள் காட்டும் மரியாதை இல்லை.

கோவையிலிருந்து வரும் வந்தே பாரத் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரை வரும், காக்ஸ் டவுனும் ஹலசூருவும் அங்கிருந்து கிட்ட. அம்மா முதல்முறை வரும்போது உங்களுக்கு ஆபீஸ் இருக்கும் நாளாகப் பார்த்து டிக்கெட் போடுங்கள். ஸ்டேஷனுக்கு அவர் போய் அழைத்து வரட்டும்.